எல்லப்பன் வீட்டு வைக்கோல் போர்

“அந்த மனுஷன் மாட்டுக்கு ஒரு பிடி வைக்கோல்கூடப் போடறதில்லைங்க!”

ஸ்கூட்டியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக ஏலவார்குழலி கணவரிடம் பொரிந்தாள்.

“எந்த மனுஷன்?” என்றார் விஜயராகவன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

“அதான், நான் வரையறேனே, அந்த வைக்கோல் போருக்குச் சொந்தக்காரர். எல்லப்பன்.”

உத்திரமேரூர் பஜாரில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள் குழலி. வாரத்தில் ஆறு நாளும் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிற கைக்கு, நாற்பத்தாறு வயதில் திடீரென்று ஓர் ஆசை வந்துவிட்டது. ஆயில் பெயின்டிங். போனில் வீடியோ பார்த்து ஆப்பிள் வரைந்தாள், குடம் வரைந்தாள். அடுத்தது இயற்கைக் காட்சிதான் என்று, தை பிறந்ததும் காவாந்தண்டலம் ரோட்டில் ஓர் இடம் பிடித்தாள்.

தூரத்தில் ஏரிக்கரை, நாலு பனைமரம். முன்னால் எல்லப்பன் வீட்டுக் களத்தில் புது வைக்கோல் போர். அதன்மேல் காலை வெயில் விழுகிற நேரத்தில் குழலிக்குச் சாப்பாடே வேண்டாம்.

ஞாயிறு ஏழு மணிக்கெல்லாம் புங்க மரத்தடியில் ஸ்டாண்டை விரித்துவிடுவாள். எல்லப்பனும் தவறாமல் வந்துவிடுவார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முதுகுக்குப் பின்னால் நிற்பார்.

“இன்னாம்மா, இன்னிக்கி முடிஞ்சிடுமா?”

“இல்லைங்கண்ணா. ஆயில் பெயின்ட். ஒரு கோட்டிங் அடிச்சா அது காயணும். அப்புறம்தான் அடுத்தது.”

“காய ஒரு வாரமா? நெல்லே ரெண்டு நாள்ல காஞ்சிடுதேம்மா!”

மூன்றாவது ஞாயிறு, மஞ்சளோடு ஊதாவைக் குழைத்ததில் போர் முழுக்கச் சேற்று நிறமாகிவிட்டது. வெறுத்துப்போய்க் கத்தியை எடுத்து எல்லாவற்றையும் வழித்துப் போட்டாள்.

“அய்யய்யோ! வயிச்சிட்டீங்களா?” எல்லப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். “அப்ப மறுபடி மொதல்லேருந்தா?”

“மொதல்லேருந்துதான்.”

“இன்னும் எத்தினி வாரம் ஆவும்?”

குழலிக்கு முகம் சுருங்கிவிட்டது. கத்துக்குட்டி என்று கேலி பண்ணுகிறார்!

அன்றிலிருந்து அவள் பார்வை அவர்மேலும் விழுந்தது. படம் வரைய ஆரம்பித்ததில் கண் கூர்மையாகியிருந்தது. பிரஷ்ஷை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் போரை அளப்பாள். முதல் வாரம் என்ன உயரமோ, என்ன அகலமோ, ஆறாவது வாரமும் அதேதான். ஒரு விரல் அளவுகூடக் குறையவில்லை. போருக்கு அந்தப் பக்கம் கட்டியிருக்கிற மாடுகள் ‘அம்மா’ என்று கத்துவது மட்டும் கேட்கும். இப்போது என்னடாவென்றால், அவர் மனைவி சிட்டம்மாள் எங்கிருந்தோ புல் கட்டைச் சுமந்துகொண்டு மூச்சிரைக்க வருகிறாள்.

“வெயில் காலத்துல நல்ல விலை வரும்னு பதுக்கி வெச்சிருக்காருங்க” என்றாள் குழலி.

“உனக்கு எதுக்கு அதெல்லாம்? நீ படத்தை முடி.”

“முடிக்கிற அன்னிக்கு நல்லாக் கேட்டுட்டுத்தான் வருவேன்.”

ஏழாவது ஞாயிறு. வெளிர்மஞ்சளில் துளி வெள்ளையைத் தொட்டு, போரின் ஓரத்தில் ஒரே ஓர் இழுப்பு இழுத்தாள். அவ்வளவுதான். வெயில் படத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது! குழலிக்குத் தன் கையையே நம்ப முடியவில்லை. மூலையில் பெயரை எழுதிவிட்டுக் குதிக்காத குறையாகத் திரும்பினாள்.

“முடிஞ்சிடுச்சுண்ணா!”

“நெஜமாவா?” எல்லப்பன் குனிந்து படத்தைப் பார்த்தார், போரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். முகமெல்லாம் பல். “நம்ம போருதாம்மா! அப்டியே கீது! ஏ சிட்டம்மா, முடிஞ்சிடுச்சாம், ஓடியா!”

அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும், கேட்கலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் தயங்கினாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“அண்ணா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. ஏழு வாரமா பாக்கறேன், இந்தப் போருல நீங்க ஒரு பிடி உருவலை. வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்டு, அக்காவைப் புல்லுக்கு அலையவிட்டு, இத்தனையும் யாருக்குச் சேத்து வெக்கறீங்க?”

எல்லப்பன் பிடரியைச் சொறிந்தார். புல் கட்டோடு வந்த சிட்டம்மாள் அதைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

“நல்லாக் கேளும்மா! நானும் அதத்தான் கேட்டுக்கினு கீறேன். வா, அந்தாண்ட வந்து பாரு.”

கையைப் பிடித்துப் போரைச் சுற்றிக் கூட்டிப்போனாள்.

பின்பக்கம் போரே இல்லை!

ரோட்டைப் பார்த்த பக்கம் மட்டும், ஒரு முழக் கனத்துக்குச் சுவர் மாதிரி நின்றுகொண்டிருந்தது. அதுவும் சாயாமல் இருக்க ஏழெட்டுச் சவுக்குக் கழிகள் முட்டுக் கொடுத்திருந்தன. நாலு மாடுகளும் கொழுகொழுவென்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

“ ‘அந்தம்மா பாத்து வரைஞ்சிக்கினு கீறாங்க. முன்னாடி கை வெச்சா படம் மாறிப்பூடும், பின்னாடியே உருவு’ன்னுட்டாரு” என்றாள் சிட்டம்மாள். “பத்து நாளா உருவவும் ஒண்ணுமில்ல. அதான் புல்லு.”



எல்லப்பன் மெல்ல வந்து, முட்டுக் கழி ஒன்றில் கை வைத்துக்கொண்டு, கூச்சத்தோடு கேட்டார்:

“அப்ப... இத்த எடுத்துடலாங்களாம்மா?”