புதன்கிழமை மிக்ஸி

நான்கு மணிக்கு அவள் அறைக்கதவைச் சாத்தினாள்.

சமையலறையில் கணவன் பூபதி மிக்ஸியைப் போட்டான்.

புதன்தோறும் இதுதான் ஏற்பாடு. கைபேசித் திரையில் சென்னையிலிருந்து ஒரு பெண் மனநல மருத்துவர் வருவார். ஐம்பது நிமிடம். அவள் சொல்வது கூடத்தில் சீரியல் பார்க்கும் மாமியார் காதில் விழக்கூடாது. அதனால் ஐம்பது நிமிடமும் பூபதி எதையாவது அரைத்தாக வேண்டும்.

பருப்புப் பொடி. கொள்ளுப் பொடி. ரசப் பொடி.

பதினோரு வாரத்தில் கோபிச்செட்டிபாளையத்தின் அந்தத் தெருவில் பொடி இல்லாத வீடே இல்லை. சிலிண்டர் போட வந்தவர் இரண்டு டப்பா வாங்கிப் போனார். மாமனார் இட்லியைக் கண்டதும் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுகிறார். முருங்கை மரத்துக் காக்கைகள் தும்முகின்றன. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

"என்ற பையனுக்கு என்னமோ ஆயிப்போச்சுங்," என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லிக் கவலைப்பட்டார்.

கல்யாணமாகி நான்கு வருடம். பூபதி நெருங்கினால் அவள் உடம்பு இறுகிக்கொள்ளும். வலி. பிறகு அழுகை.

பிள்ளை வரம் கேட்டு மாமியார் கூட்டிப்போன கோயில்கள் பதினேழு. எந்தச் சாமியிடமும் அவள் உண்மையைச் சொல்லவில்லை.

மருத்துவரிடம்தான் சொன்னாள். உங்கள் தப்பில்லை, உடம்பு பயந்திருக்கிறது, மெதுவாகப் பழக்கலாம் என்றார் அவர். மூச்சிலிருந்து ஆரம்பித்தார்கள். இப்போதெல்லாம் 'போதும்' என்று அவளால் சொல்ல முடிகிறது. பூபதியும் நிறுத்திவிட்டு, பக்கத்தில் படுத்துக் கதை பேசுகிறான்.

இன்று, அந்த முதல் ராத்திரியைச் சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லாதது.

"ரொம்பப் பயந்துட்டனுங்க. வாயத் தொறந்து வலிக்குதுன்னு..."

கரண்ட் போனது.

மிக்ஸி நின்றது. சீரியல் நின்றது. 'வலிக்குது' மட்டும் வீடு முழுக்கக் கேட்டது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இருக்கேன், சொல்லுங்க," என்றார் மருத்துவர், இயர்போன் வழியே காதுக்குள்.

வரவில்லை. இன்றைக்கு விட்டால் இனி வராது.

கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. காலடிகள் சமையலறைக்குள் போயின.

"நவுருடா," என்றது மாமியாரின் குரல்.

ணங்.

ணங். ணங்.

இரும்பு உரலில் உலக்கை.

அவள் கையை எடுத்தாள். சொன்னாள். கடைசிவரை சொன்னாள்.

கதவைத் திறந்து வந்தபோதும் மாமியார் இடித்துக்கொண்டுதான் இருந்தார். ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது.

உரலில் ஒன்றுமில்லை.

அவள் எதிரில் உட்கார்ந்து உலக்கை பிடித்த கையைப் பற்றிக்கொண்டாள். "அத்தை..."

மாமியார் நிமிரவில்லை. மிளகாய் வாங்கி வரச்சொல்லிப் பூபதியை அனுப்பினார். அவன் செருப்புச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்தார்.

"அந்த டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்த கேளு கண்ணு. அறுவத்திமூணு வயசுல ஒருத்தி வந்தா, சிரிப்பாங்களான்னு."