எங்கிருந்து எண்ணுவது

கடாரத்து இளவரசிக்கும் புயலை அடக்கும் மந்திரக்காரிக்கும் காதல். அதுதான் நிலானி எழுதும் நாவல். அரசவைச் சோதிடர் வரும் காட்சிக்கு வேண்டும் என்று இரண்டு சாதகக் கட்டங்களை வரைந்து அப்பாவிடம் நீட்டினாள். அரசாங்க வேலையில் ஓய்வுபெற்ற சிவசம்புவுக்கு இப்போது பொருத்தம் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு.

"இதுல எது மாப்பிள்ளை?"

"ரெண்டும் பொண்ணுதான்பா. கதைதான் லா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நிலானி எழுந்து ஜன்னல் வரை போனாள். திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள்.

"பொண்ணு நட்சத்திரத்துலேருந்து மாப்பிள்ளை நட்சத்திரம் வரைக்கும் எண்ணணும். ரெண்டும் பொண்ணுன்னா எங்கேருந்து எண்ணுறது?"

"முடியலன்னா விடுங்கப்பா. நானே ஏதாச்சும் எழுதிக்கிறேன்."

அவர் விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்தார். வெளியே மோனோரயில் இரண்டு தடவை போய்விட்டது. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"பத்துக்கு எட்டு பொருந்துது. இளவரசியோட அப்பா ஒத்துக்கிறாரா?"

"அங்கதான்பா நிக்குது. மூணு மாசமா நகரல."

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அவளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கடைசியில எங்கேருந்து எண்ணுனீங்க?"

"உன் நட்சத்திரத்துலேருந்துதான். நீ பொறந்தப்ப இந்தக் கட்டத்தை எழுதுனதே நான்தானே."

நிலானி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னொண்ணு யாரோடதுன்னுதான் தெரியல," என்றார் அப்பா. "ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வா."