கோபமில்லாத எழுத்து

இந்தக் காலத்தில் ஆளாளுக்குக் கண்ணாடி முன்னால் நின்று தன்னையே கொஞ்சிக்கொள்கிறார்கள், போதாததற்கு அதைப் போனில் எழுதி ஊருக்கும் காட்டுகிறார்கள் என்பது வெயில்முத்துவின் எரிச்சல். அவருடைய மூத்த மகள் சுயம்புக்கனியும் இப்போது அப்படி எழுதுகிறாளாம். அவருக்கு வாசிப்பு ஓடாது. மருமகள் செல்வராணியைப் பிடித்து உட்காரவைத்தார்.

“மதினி எழுத்தப் படிச்சு எத்தன பேர் அழுதிருக்காங்க தெரியுமா மாமா? கேளுங்க. ‘என் கன்னத்து வெண்படையே, நீ என் நிலா. உன்னோடு சேர்த்தே என்னை ஏற்றுக்கொள்கிறேன்.’”

“நிலாவாம். என்னைய ஏசியிருக்காளா, அதச் சொல்லு.”

வீட்டுக் கல்யாணம் என்றால், மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும் முன்பே சமையல் சாமான் அறைச் சாவியை மூத்தவள் கையில் கொடுத்து உள்ளே உட்காரவைத்துவிடுவார். நம்பிக்கையான ஆள் வேண்டும் என்பார். வெள்ளைத் திட்டு விழுந்த அந்தக் கன்னம் யார் கண்ணிலும் படக்கூடாது என்பதை மட்டும் சொல்லமாட்டார். சொந்தத் தங்கைக்குத் தாலி ஏறியபோதும் அவள் கெட்டிமேளத்தை அரிசி மூட்டைகளுக்கு நடுவிலிருந்துதான் கேட்டாள்.

“‘என்னை யாரும் ஒளித்துவைக்கவில்லை. நானேதான் ஒளிந்துகொண்டேன். என்னை நான் மன்னித்துவிட்டேன்.’ அவ்வளவுதான் மாமா. உங்க பேச்சே இல்ல. நிம்மதியா?”

“முதல்லருந்து வாசி.”

மறுபடியும் வாசித்தாள். அவர் பெயர் எங்கேயும் வரவில்லை.

“இது அவ எழுத்து இல்ல தாயி. எவளோ எழுதிக் குடுத்திருக்கா.”

“மதினிதான் மாமா எழுதுனது.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“என் மவ எழுதியிருந்தா ஒரு வார்த்தையாவது ஏசியிருப்பா,” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.