பூங்கோதை வருகை

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் மிச்சப் பற்களும் கொட்டிப் போகட்டும். அடுக்குமாடி கட்டும் கம்பெனியில் திட்ட மேலாளராக இருந்த மாசிலாமணி, புது மென்பொருளில் டைம்லைன் அமைத்தபோது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நீலப் பட்டை போட்டார். கடைசியில் ‘பூங்கோதை வருகை’ என்று மஞ்சளில் ஒன்றைச் சேர்த்து, டைல்ஸ் பதிக்கும் பட்டையோடு அம்புக்குறியால் இணைத்தும் விட்டார். அது முடிந்தால்தான் இது தொடங்கும்.

“யாரு சார் பூங்கோதை?” என்றாள் பக்கத்து மேசை ரோஸ்லின்.

“என் சம்சாரம். மஸ்கட்ல நர்ஸு.”

டைல்ஸ் லாரி வரத் தாமதமானது. மஞ்சள் பட்டை தானாக வலப்பக்கம் நகர்ந்தது. உடனே மஸ்கட்டிலிருந்து போன். “என்னங்க, ஃப்ளைட்ட தள்ளிட்டாங்க!” அப்புறம் கொத்தனார் ஊருக்குப் போய்விட்டார். மறுபடி பட்டை நகர்ந்தது, மறுபடி போன். இந்த முறை அழுகை மட்டும்.

“அந்த அம்ப எடுத்து விடுங்க சார். பாவம் அந்தக்கா.”

எடுத்தார். பட்டையை இழுத்து இன்றைய தேதியில் வைத்தார். மவுஸிலிருந்து கையைக்கூட எடுத்திருக்க மாட்டார், கீழே டாக்சி வந்து நின்றது. பெட்டிச் சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது. சீப்பைத் தேடியெடுத்துத் தலையை வாரிக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கினார்.

மாசிலாமணிக்குக் கல்யாணமே ஆகவில்லை.