நாற்பது பாக்கெட்

பச்சையம்மாவின் மடியில் ரோசியின் நெத்திலிக் கருவாட்டு பாக்கெட். கையில் கத்திரிக்கோல். நறுக்கென்று பாக்கெட்டின் வாயை வெட்டினாள்.

மறந்துவிட்ட குடையை எடுக்க பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்த ரோசி அப்படியே நின்றுவிட்டாள். அரைமணி முன்னால்தான் அந்த பாக்கெட்டை எல்லாம் கடையில் போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

டோல்கேட்டில் இசக்கிப்பாண்டி அண்ணாச்சியின் மளிகைக் கடை. வாராவாரம் நாற்பது பாக்கெட் கருவாடு ரோசியின் ஆர்டர். அதே கடை வாசலில் கூடை வைத்து, கருவாட்டைக் கூறு போட்டும், கொஞ்சம் பாக்கெட்டில் ஒட்டியும் விற்கிறவள் பச்சையம்மா. ஒரே சரக்கு, ஒரே வாசல். சிரித்துப் பேசிக்கொண்டாலும் உள்ளுக்குள் உரசல் இருக்குமா, இருக்காதா?

ரோசிக்கு இருந்தது.

முன்பெல்லாம் மெழுகுவர்த்தித் தீயில் வாட்டித்தான் பாக்கெட்டை ஒட்டுவாள். அதில் நாலைந்து பிரிந்துவிடும். யாரோ ஒருத்தர் ஆபீஸ் பையில் வாங்கிவைத்துக்கொண்டு போக, ரயில் பெட்டியே மூக்கைப் பொத்தியதாம். அண்ணாச்சி கறாராகச் சொல்லிவிட்டார்.

"இன்னும் ஒரு பாக்கெட் திரும்பி வந்தாலும் உன் சரக்கு வேண்டாம்மா."

புருஷன் டெரிக்குக்குத் துறைமுகத்து கான்ட்ராக்ட் வேலை போய் நாலு மாதம். வீட்டில் அடுப்பு எரிவதே இந்த நாற்பது பாக்கெட்டில்தான்.

ரோசி அழுதுகொண்டு உட்காரவில்லை. காயலான் கடைக்குப் போனாள். பழைய பேட்டரி சார்ஜரிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர், உடைந்த ஹேர் டிரையரிலிருந்து சூடேறும் கம்பி, யார் வீட்டிலோ கழற்றிப்போட்ட காலிங் பெல் சுவிட்ச். இரண்டு மரக்கட்டைக்குக் கீல் வைத்து, கீழ்க்கட்டையில் கம்பியை இழுத்துக் கட்டி, மேலே சூடு தாங்குகிற டேப்பை ஒட்டினாள்.

"கையச் சுட்டுக்கப் போற" என்று டெரிக் சிரித்தான்.

சுட்டுக்கொண்டாள், இரண்டு தடவை. மூன்றாம் நாள் கட்டையை அழுத்தி, சுவிட்சை அமுக்கி, மூன்று எண்ணி எடுத்தாள். பாக்கெட் வாய் கோடு போட்ட மாதிரி ஒட்டியிருந்தது. அதற்கப்புறம் டெரிக் சிரிக்கவில்லை.

ஒரு மாதமாக ஒரு பாக்கெட் திரும்பி வரவில்லை. ரோசிக்குத் தலைகால் புரியவில்லை. பச்சையம்மாவிடமே போய்ச் சொன்னாள்.

"இன்னும் மெழுகுவத்தி வச்சினு கீறியேக்கா. நம்ம மெஷின வந்து பாரு."

பச்சையம்மா சிரித்துவிட்டுக் கூடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் இந்தக் கத்திரிக்கோல்தானா?

"அண்ணாச்சி, இங்க வா. நான் பாடுபட்டு ஒட்டினு வர்றேன், இவ வாயை அறுத்துகினு கீறா. என் ஆர்டரை அமுக்கப் பாக்குறா, நல்லா பாத்துக்க."

அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "பாக்கெட்ட அடுக்கித் தாரேன்னுதான இவ வாராவாரம் வாங்கிட்டுப் போவா. என்ன பச்சையம்மா இது?"

பச்சையம்மா கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். இன்னும் வெட்டாத ஒரு பாக்கெட்டை எடுத்து ரோசியிடம் நீட்டினாள்.

"கூவாத. இத்த ஒரு அமுக்கு அமுக்கு."

ரோசி அமுக்கினாள். புஸ்ஸென்று காற்றுப் போனது. ஒட்டின இடம் விரல் நுழைகிற அளவுக்குப் பிளந்துகொண்டது.

"நாப்பதுல அஞ்சாறு இப்டித்தான் கீது. வாரா வாரம்."

ரோசிக்கு முகம் செத்துவிட்டது. "கம்பி சூடு பத்தலியா?"

"மெஷின் மேல தப்பு இல்ல. அப்போ மெழுகுவத்தி மேலயும் தப்பு இல்ல. நீ கைநெறைய அள்ளி உள்ள போடுற. கருவாட்டு உப்பு கவர் வாயில ஒட்டிக்கிது. உப்பு மேல எந்தச் சூடு புடிக்கும்? அதான் வாயை நறுக்கிட்டு, தொடைச்சிட்டு, ஒட்டிகினு கீறேன்."

அப்போதுதான் கூடைக்குப் பின்னால் காற்று படாமல் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தி ரோசியின் கண்ணில் பட்டது. பக்கத்தில் ஒரு காய்ந்த துணி. மறுபடி ஒட்டின மூன்று பாக்கெட்.

"ஒரு மாசமா நீதானா?" ரோசி அந்த மூன்று பாக்கெட்டையும் தொட்டுப் பார்த்தாள். "எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாக்கா?"

"நீ அந்த மெஷின, புள்ள பெத்தவ மாதிரி பேசிகினு இருந்த. சொல்ல மனசு வர்ல."

ரோசி பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்தாள். வெட்கமாக இருந்தது. பிளந்த பாக்கெட்டையும் துணியையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டு உப்பைத் துடைத்தாள்.

"வெள்ளிக்கெழம உன் சரக்கையும் எடுத்துகினு வூட்டுக்கு வா. நீ தொடைச்சிக் குடு, நான் மெஷின்ல ஒட்டுறேன்." கொஞ்சம் யோசித்தாள். பெரிய மனசு பண்ணித்தான் சொன்னாள். "இனிமே இந்த ஆர்டர்ல பாதி உன்னுதுக்கா."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பாதியா? உன் சரக்கு வேண்டாம்னேனே, அன்னைக்கே நாப்பதையும் நீயே எடுத்துக்கன்னு இவகிட்ட சொன்னேம்மா நான். 'அந்தப் பொண்ணு வூட்டு அடுப்பு அதுலதான் எரியுது, இன்னொரு தடவ பாருங்க'ன்னு சொன்னதே இவதான்."