கூட இருப்பவர்

“மோட்டார் நியூரான் நோய்க்கு ஸ்டெம் செல் சிகிச்சை தர்றோம்மா. ஆனா, வீட்ல துணை இல்லாதவங்களைச் சேர்க்க மாட்டோம்,” என்றார் மருத்துவமனை எழுத்தர் போனில்.

“நான் இருக்கேனே.”

“நீங்க அவருக்கு...?”

“சம்சாரம்.”

“எந்நேரமும் கூடவே இருக்கணும். முடியுமா?”

“என்னை விட்டா அவருக்கு யாருங்க?”

“ஒவ்வொரு பதிலுக்கும் இவ்வளவு யோசிக்கிறீங்களேம்மா! சரி, அவர்கிட்ட குடுங்க.”

“அவருக்குப் பேச்சு போயி ஒரு வருஷம் ஆச்சுங்க.”

“பாவம். பேரை எழுதிட்டேன். திங்கட்கிழமை ரெண்டு பேரும் வந்துடுங்க.”

போன் அடங்கியது.

சக்கர நாற்காலியில் இருந்தவர், அசையக்கூடிய ஒரே விரலைக் கருவியிலிருந்து எடுத்தார். எழுத்தைத் தட்டினால் அது பேசும். அதில் பெண் குரலை வைத்திருந்தது இன்று கைகொடுத்தது. கல்யாணமே ஆகாதவர்; காலையும் மாலையும் வந்து கவனிக்கும் கூலியாள் கிளம்பிவிட்டால் வீட்டில் ஈ காக்கை கிடையாது.

திங்கட்கிழமைக்கு யாரை அழைத்துப்போவது?

விரல் மறுபடி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியது.

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்டது அந்தக் குரல்.