நேயர் விரும்பிய காட்சி

டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்தாள்.

லைன் கிடைத்துவிட்டது. ஆறாவது ஞாயிறாக.

போனை எடுக்கிற பெண்ணுக்கு இவள் குரல் பழகிப் போயிருந்தது. கோயம்புத்தூர் சரசு அக்கா என்றே கூப்பிடுவாள். இவள் சரசுவும் இல்லை, ஊர் கோயம்புத்தூரும் இல்லை. காட்டோரத்து வீட்டில், ஜன்னல் கம்பியில் சாய்ந்து நிற்கிறாள். அங்கே நின்றால்தான் சிக்னல் வரும்.

‘கார்காலக் காடு’ மழைக்காலத்தில் மட்டும் வருகிற நிகழ்ச்சி. ஆறு ஞாயிறு, காலை பதினொரு மணி. கடைசிப் பத்து நிமிடம் நேரலை. நேயர்கள் கருத்துச் சொல்லலாம். பிடித்த காட்சியைக் கேட்டால் மறுபடி போட்டுக் காட்டுவார்கள்.

கருத்துக்கு என்ன பஞ்சம்? தவளையைக் குறைத்துப் புலியைக் கூட்டுங்கள் என்றார் ஒருவர். மியூசிக் காதைக் கிழிக்கிறது என்றார் இன்னொருவர். கும்பகோணத்து அம்மா ஒருத்தருக்கு, நிகழ்ச்சி நடத்துகிற கிரிதரின் தொப்பி பிடிக்கவே இல்லை.

குறை சொன்னவர்களுக்கு மறுவாரம் லைன் கிடைக்கவில்லை. இதை அவள் கவனித்து வைத்திருந்தாள்.

அதனால் ஐந்து வாரமும் பாராட்டினாள். நாக்கு கூசக் கூசப் பாராட்டினாள்.

மூன்றாவது வாரம் கிரிதர், மாடு யானை மேலெல்லாம் உண்ணி பொறுக்குகிற உண்ணிக்கொக்கைப் பற்றிப் பேசினான். யானைக்குப் பயப்படவே பயப்படாதாம். காலடியிலேயே மேயுமாம், முதுகில் ஏறி உட்காருமாம். ரொம்ப அழகாகச் சொன்னீர்கள் சார் என்றாள். அவனுக்கு முகமெல்லாம் பல்.

சிரிடா, சிரி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். உன்னை ஊர் பார்க்கக் கேட்காமல் விடமாட்டேன்.

இன்றைக்கு எந்தக் காட்சி வேண்டும் என்று கேட்டான்.

போன வருஷம் காட்டிய, யானை துரத்துகிற காட்சி என்றாள்.

அவர்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். வருஷம் முழுக்க விளம்பரத்தில் ஓடியது. பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் ஓரமாக, கேமராவுக்கு முதுகு காட்டி நிற்கிறான். யானை திரும்புகிறது. ஓடி வருகிறது. படம் ஆடுகிறது. அத்தோடு திரை இருட்டிவிடும்.

பச்சைச் சட்டை நஞ்சன். அவள் புருஷன். படம் எடுக்க வந்தவர்களுக்கு வழிகாட்டப் போய், அந்த யானையிடம் உயிரை விட்டவன்.

வழிகாட்டி குடித்துவிட்டு யானையைப் பார்த்துக் கத்தினார் என்று கிரிதர் படத்தில் சொன்னான். நஞ்சன் நாக்கில் சாராயம் பட்டதே கிடையாது. அதற்கும் நேயர்கள் கருத்துச் சொன்னார்கள். குடிகாரனுக்கு வேண்டியதுதான், பாவம் யானை என்று. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து அதையே கேட்டுக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து இந்த விளம்பரம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவாள்.

இப்போதும் வெளியேதான் நிற்கிறாள்.

அன்று காலை நஞ்சன் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினான். யானை முகம் காட்ட மாட்டேன் என்கிறதாம். கிரிதர் வெடி வாங்கி வைத்திருக்கிறான். வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கப் போகிறேன் என்று.

போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னாள். படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். வெடிச் சத்தமே இல்லையே அம்மா என்றார்கள். இருந்தது மியூசிக் மட்டும்தான்.

முதல் எட்டுத் தடவை அவள் அந்தக் காட்சியில் நஞ்சனைத்தான் பார்த்தாள்.

ஒன்பதாவது தடவைதான் அவனைச் சுற்றிப் பார்த்தாள்.

யானையின் காலடியில் உண்ணிக்கொக்குகள் மேய்கின்றன. மொத்தமாக எழும்புகின்றன. அதற்குப் பிறகுதான் யானை திரும்புகிறது. மனுஷன் கத்தினால் கொக்கு நாலடி தள்ளிப் போய் உட்காரும். இப்படி வானத்துக்கு ஏறாது. காட்டோரத்தில் பிறந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெடிச் சத்தத்தை எடுத்தவர்கள் கொக்கை எடுக்க மறந்துவிட்டார்கள்.

வெடி என்று வாயைத் திறந்தால் லைனை வெட்டிவிடுவார்கள். அதனால் அந்த வார்த்தையை விழுங்கினாள்.

காட்சி ஓடியது. கொக்குகள் எழும்பின.

“யானை திரும்பறதுக்கு முன்னாடியே கொக்கெல்லாம் ஏன் சார் பறந்துச்சு?”

கிரிதர் சிரித்தான். யானையைப் பார்த்துப் பயந்திருக்கும் அம்மா என்றான்.

அவள் ஒரு மூச்சு விட்டாள்.  ஐந்து வாரமும் பாராட்டிய அதே குரலில் கேட்டாள்.

“அது யானைக்குப் பயப்படாதுன்னு மூணாவது வாரம் நீங்கதானே சார் சொன்னீங்க?”

லைன் போய்விட்டது.

திரையில் கிரிதர் தண்ணீர் குடித்தான். தொப்பியைச் சரிசெய்தான். யாரையோ பார்த்துத் தலையாட்டினான். அடுத்த நேயரின் பெயர் அடியில் வந்தது. கலியபெருமாள், விவசாயி, மன்னார்குடி.

அவள் டிவி பக்கத்தில் போய்க் காதை வைத்தாள்.

வணக்கம் சொல்லிவிட்டுப் பெரியவர் நிதானமாகப் பேசினார். தவளையைப் பற்றிச் சொல்லத்தான் போன் போட்டாராம்.

“அது கிடக்கட்டும் சார். நாத்தங்கால்ல குருவி விரட்ட நாங்க வெடி போடுவோம். அப்ப கொக்கு இப்படித்தான் எந்திரிக்கும். அந்தக் காட்சிய இன்னொரு தடவை போடுங்க.”

கிரிதரின் கை மறுபடி தொப்பிக்குப் போனது. 

அவள் சத்தத்தை முழுசாகக் கூட்டினாள்.

பிறகு வாசலுக்குப் போய், மகளை உள்ளே கூப்பிட்டாள்.